முதுமையில் குறுகும் தட்டு

காய், கீரை, பயறு, முழுத்தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்தை உண்டு வாழும் குடல் பாக்டீரியாக்கள் முதுமையில் உடல் நலத்தைக் காக்கத் துணைபுரிகின்றன என்று சென்ற இதழில் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறுபதைக் கடந்தவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் மருமக்களும் எழுதியவை. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 74. கடைவாய்ப் பற்களை எடுத்ததிலிருந்து ரசம் சாதம், இட்லி, பாலில் நனைத்த ரொட்டி ஆகியவற்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கேட்டால், “வயசானவளுக்கு இது போதும்” என்கிறார். மலச்சிக்கல் இருக்கிறது, நடை தளர்ந்துவிட்டது, பகலிலும் படுத்தே இருக்கிறார். வயிற்றிலுள்ள பாக்டீரியாவுக்கும் இந்தத் தளர்ச்சிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இது வயதின் இயல்புதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தொடர்பு உண்டு. ஆனால் அது எந்த அளவுக்கு நிறுவப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு நேர்ந்திருப்பது பல வீடுகளில் ஓசையில்லாமல் நடப்பதுதான். முதலில் பல் போகிறது. மெல்ல வேண்டிய பொரியலும் சுண்டலும் தட்டிலிருந்து விலகுகின்றன. பிறகு, தமக்காக ஒரு கூட்டு வைக்கச் சொல்லக் கூச்சம் வருகிறது; பசியும் நாவின் சுவையும் மங்குகின்றன; கடைசியில் எளிதில் விழுங்கக்கூடிய இரண்டு மூன்று பண்டங்களே மிஞ்சுகின்றன. இதை வயதின் இயல்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பால் ஓ'டூலும் அவருடைய குழுவினரும் 178 முதியவர்களின் உணவையும் குடல் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்து 2012இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் பலவகை உணவை உண்டார்கள். அவர்கள் குடலில் பாக்டீரியா வகைகளும் மிகுந்திருந்தன. நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் உணவில் கொழுப்பு மிகுந்து நார்ச்சத்து குறைந்திருந்தது. பாக்டீரியா வகைகளும் அதற்கேற்பச் சுருங்கியிருந்தன. வீட்டில் வாழ்பவர்களுக்கு உரிய பாக்டீரியாக் கூட்டத்தை இழந்தவர்களிடம் உடல் தளர்ச்சியும் மிகுதியாகக் காணப்பட்டது. இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது நிகழ்ச்சிகளின் வரிசையை: இல்லத்தில் சேர்ந்தவர்களுக்கு உணவே முதலில் மாறியது, பாக்டீரியாக்கள் அதன் பின்னர்தான் மாறின. அதாவது, வயது கூடியதால் மட்டும் பாக்டீரியாக்கள் குறைந்துவிடவில்லை. அவற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய உணவு முன்னதாகவே நின்றுபோயிருந்தது.

தளர்ந்தவர்கள்தானே பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார்கள், ஆகவே தளர்ச்சி காரணமா விளைவா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. இத்தகைய ஆய்வால் மட்டும் அதற்கு விடை கிடைக்காது. உணவை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகிறது என்று சோதித்தாக வேண்டும். அப்படி ஒரு சோதனை இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. 65 முதல் 79 வயது வரையிலான 612 பேரில் ஒரு பகுதியினர் தம் வழக்கமான உணவைத் தொடர்ந்தனர். மற்றவர்கள் காய்கறி, பழம், பயறு, கொட்டைகள், ஆலிவ் எண்ணெய், மீன் ஆகியவற்றைக் கூட்டி, சிவப்பு இறைச்சியையும் கெட்டிக் கொழுப்பையும் குறைத்த மத்தியதரைக் கடற்பகுதி உணவை ஓராண்டு உண்டனர். புதிய உணவை ஒழுங்காகப் பின்பற்றியவர்களிடம் சிலவகை பாக்டீரியாக்கள் பெருகின. அவை பெருகியவர்களிடம் கைப்பிடியின் வலிமை, நடையின் வேகம், நினைவாற்றல் ஆகியவை மேம்பட்டும், உடலில் அழற்சியைக் காட்டும் இரத்த அளவுகள் குறைந்தும் இருந்தன. இம்முடிவுகள் 2020இல் வெளியாயின. ஓராண்டில் கிழவர் குமரராகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. தளர்ச்சியின் போக்கை உணவால் ஓரளவு மாற்ற முடியும் என்பதற்கு இது தக்க சான்று, அவ்வளவே.

இது எவ்வாறு நிகழ்கிறது என்றால், நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோபியனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தருவது இந்தப் பியூட்டிரேட்தான். நார்ச்சத்து வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடற்சுவரின் மேலுள்ள சளிப்படலத்தையே உண்ணத் தொடங்குகின்றன என்பதை 2016இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. படலம் மெலிந்தால் பாக்டீரியாக்களின் உடற்கூறுகள் இரத்தத்தில் கசிந்து, காய்ச்சலோ வலியோ இல்லாத ஒரு மெல்லிய அழற்சியை நீடிக்கச் செய்யக்கூடும். முதுமையில் தசை கரைவதற்கும் இரத்தக் குழாய்கள் கெடுவதற்கும் இத்தகைய நீடித்த அழற்சியும் ஒரு காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இனி, உங்கள் அடுக்களைக்கு வருவோம். மெல்ல முடியாது என்பதற்காக நார்ச்சத்தைக் கைவிட வேண்டியதில்லை. மசிப்பதாலும் கடைவதாலும் நார்ச்சத்து போய்விடாது. முருங்கைக் கீரையையோ அரைக்கீரையையோ பொடியாக நறுக்கி, பாசிப்பருப்புடன் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, ரசம் சாதத்தோடு இரண்டு கரண்டி சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குக்கரில் வேகவிட்டு மசித்தால், தாளித்த துவையல்போல் நாவிலேயே கரையும். வாழைத்தண்டை நார் சுற்றி எடுத்துக் கூட்டாக வைக்கலாம். பாலில் நனைத்த ரொட்டிக்குப் பதிலாக ஒருவேளை கேழ்வரகுக் கூழ் தரலாம்: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பழுத்த பப்பாளிக்குப் பல் வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். உங்கள் மாமியார் உண்ணும் அளவு குறைவு என்பதால் அவருக்கு அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். இப்போதைய உணவில் அதில் பாதிகூடக் கிடைக்காது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு புதிய பண்டம் போதும். தண்ணீரும் மோரும் சேர்ந்தே கூட வேண்டும், இல்லையேல் மலச்சிக்கல் மோசமாகும். இன்னொன்று: இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் மலச்சிக்கலை உண்டாக்கும். பகலிலும் படுத்திருப்பதற்கு இரத்தசோகையோ மனச்சோர்வோகூடக் காரணமாக இருக்கலாம். எனவே அவரை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்படியே பல் மருத்துவரிடம் பல்செட்டுக்கும் அளவு கொடுத்துவிட்டு வாருங்கள். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த மருந்து அந்தப் பல்செட்டாகவே இருக்கக்கூடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 69. ‘பல நூறு கோடி நல்ல பாக்டீரியாக்கள்’ அடங்கியது என்று சொல்லி என் மகன் மாதந்தோறும் புரோபயாடிக் மாத்திரை வாங்கித் தருகிறான். அதன் விலை எங்கள் வீட்டுக் காய்கறிச் செலவுக்கு ஈடாக இருக்கிறது. இளமை நீடிக்கும் என்கிறார்கள். தொடரலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த ஆசை நூறாண்டுக்கும் மேற்பட்டது. ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலீ மெச்னிகாஃப், நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெருங்குடலில் உண்டாகும் நச்சுகளே முதுமைக்குக் காரணம் என்றும், பல்கேரிய நாட்டு உழவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்றும் அவர் நம்பினார். தாமும் நாள்தோறும் அதைக் குடித்துவந்தார். 1916இல், தமது 71ஆம் வயதில் காலமானார். குடலுக்கும் முதுமைக்கும் தொடர்புண்டு என்ற அவருடைய உள்ளுணர்வு வீண்போகவில்லை. ஆனால் வெளியிலிருந்து உட்செலுத்தும் பாக்டீரியா உள்ளேயே குடியேறிவிடும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துவிட்டது. மாத்திரையில் உள்ளவை பெரும்பாலும் சில நாள் தங்கிவிட்டு வெளியேறுகின்றன.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைவிட வியப்பானது. ஆன்டிபயாடிக் மருந்து உண்டபின் புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதையும் எடுத்துக்கொள்ளாதவர்களைவிடத் தாமதமாயிற்று. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். ஆயினும், அமெரிக்கக் குடலியல் மருத்துவர் சங்கமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. குறிப்பிட்ட நோய்க்காக உங்கள் மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அது வேறு. இளமைக்காக என்றால் தேவையில்லை.

மகன் அன்போடு செய்வதை மறுக்க மனம் வராவிட்டால், அந்தத் தொகையைக் கொட்டைகளுக்கும் பழங்களுக்கும் மாற்றிவிடச் சொல்லுங்கள். வீட்டில் உறையூற்றிய தயிரும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட பத்து வாரச் சோதனையில், தயிர் போன்ற புளித்த உணவுகளைத் தாராளமாக உண்ட பிரிவினருக்குக் குடல் பாக்டீரியா வகைகள் கூடின. அழற்சி தொடர்பான 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. அதே சோதனையில் நார்ச்சத்தை மட்டும் கூட்டிய பிரிவினருக்குப் பத்து வாரத்தில் பாக்டீரியா வகைகள் கூடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த குடலில் ஏற்கெனவே அற்றுப்போன வகைகள் நார்ச்சத்து வந்தவுடன் தாமாகத் தோன்றிவிடா என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆகவே தயிரா கீரையா என்று கேட்காமல் இரண்டையும் வைத்துக்கொள்வதே அறிவு.

கேள்வி: எனக்கு வயது 66, பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். பழைய சோற்றில் பாக்டீரியா பல்கிப் பெருகும், சர்க்கரையும் ஏறாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பாதி உண்மை. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகி, நம் நொதிகளுக்கு எட்டாத வடிவத்தை அடைகிறது. அது நார்ச்சத்தைப்போலவே பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இரவு முழுவதும் நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. ஆனால் இறுகாத பெரும்பகுதி மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சூடான சோற்றைவிடச் சற்று மெதுவாக ஏறலாம் என்பதைத் தவிர இதில் சலுகை ஒன்றுமில்லை. ஒரு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். உண்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் சர்க்கரையை அளந்து பாருங்கள். வாட்ஸ்அப்பைவிட அந்தக் கருவி நம்பகமானது.

தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தைக் குறைக்க வேண்டாம். வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்னும் நார்ப்பொருள் குடல் பாக்டீரியாக்களுக்கு மிக உகந்த உணவு. இந்த ஏற்பாட்டில் பாக்டீரியாக்களுக்குச் சோற்றைவிட வெங்காயமே கூடுதலாக உதவுகிறது என்பது என் கருத்து. ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்பின் காரணமாக அளவோடு இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரிசியில் ஒட்டியிருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே மதியச் சோற்றை இரவு வரை அப்படியே வைத்திருந்து பிறகு நீரூற்றும் வழக்கம் கூடாது. இரவில் வடித்த சோற்றை விரைவில் ஆறவைத்து, சுத்தமான பாத்திரத்தில் மூழ்க நீரூற்றி, காலையிலேயே உண்டுவிட வேண்டும். கொழகொழப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் உண்பவர்களும் பழைய சோற்றைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: இட்லி மாவு புளிக்கிறதே, அப்படியானால் இட்லியும் புரோபயாடிக் உணவுதானே?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: மாவில் பாக்டீரியாக்கள் ஏராளம், இட்லிப் பானையின் ஆவியில் அவை இறந்துவிடுகின்றன. புளித்ததால் செரிமானமும் சத்துகளை உடல் ஏற்பதும் எளிதாகின்றன என்பது இட்லியின் பெருமை. அந்தப் பெருமை போதும். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமானால் ஆறிய சோற்றில் பிசைந்த தயிரில் கிடைக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சோற்றில் தயிரை ஊற்றினால் அங்கும் கிடைக்காது.

கேள்வி: பயறு வகைகளை உண்ணச் சொல்கிறீர்கள். 63 வயதாகும் எனக்குச் சுண்டல் சாப்பிட்ட மறுநிமிடமே வயிறு உப்பி, நாலு பேர் முன்னால் உட்கார முடிவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மறுநிமிடமே உப்புவதற்குச் சுண்டல் காரணமாக இருக்க முடியாது, அது பெருங்குடலை எட்டவே சில மணி நேரம் ஆகும். விரைந்து உண்ணும்போது விழுங்கும் காற்றும், இரைப்பையின் மந்தமும் அதற்குக் காரணமாகலாம். பின்னர் வரும் வாயுவுக்குத்தான் சுண்டல் பொறுப்பு. பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளை உடைக்கும் நொதி நமக்கு இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு வாயுவை வெளியிடுகின்றன. அதாவது உங்கள் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அது ஓர் அறிகுறி. நாலு பேர் முன்னால் இந்த ஆறுதல் உதவாது என்பதை அறிவேன்.

எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஆனால் முதியவர்கள் முளைப்பயற்றையும் வேகவைத்தே உண்ண வேண்டும். கொண்டைக்கடலையையும் மொச்சையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாசிப்பயற்றில், அதுவும் இரண்டு மேசைக்கரண்டி அளவில், தொடங்குங்கள். சில வாரங்கள் விடாமல் உண்டுவந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லை தணிந்துவிடுகிறது. இவ்வளவு செய்தும் தணியாவிட்டாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, நெடுநாள் வழக்கமாக இருந்த மலப்போக்கு காரணமின்றி மாறினாலோ பயற்றின்மேல் பழிபோட்டுக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் இவை பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும்.

கேள்வி: பிறந்தது முதல் சைவம், வயது 68. கீரையும் காயும் இல்லாமல் ஒருநாளும் உண்டதில்லை. சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். சில மாதங்களாகப் பாதங்களில் மதமதப்பு. குடல் பாக்டீரியாக்களே பி12 வைட்டமினைத் தயாரித்துவிடும் என்பதால் சைவர்களுக்குக் குறை வராது என்று நண்பர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் முதற்பகுதி சரி, முடிவு தவறு. பி12ஐ உண்டாக்க வல்லவை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள்தான். நம் பெருங்குடலிலும் அவை அதை உண்டாக்குகின்றன. ஆனால் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பெருங்குடல் அதற்கு அப்பால் இருக்கிறது. கடந்துவந்த இடத்துக்குப் பி12 திரும்பிப் போக முடியாது.

மேலும் வயது கூடும்போது இரைப்பை அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 பிரிந்து வருவது தடைப்படுகிறது. மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளும் நெடுநாளில் அதை மேலும் குறைக்கின்றன. உங்களுக்கு இந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தாராளமாகக் கீரை உண்பவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: கீரையின் ஃபோலேட் சத்து, பி12 குறைவால் வர வேண்டிய இரத்தசோகையை வெளித்தெரியாமல் தடுத்துவிடக்கூடும், இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாக இருக்க, நரம்புகள் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். மதமதப்பு சர்க்கரையாலும் வரலாம் என்பதால் நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். இந்த வாரமே பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் ஊசியாகவோ மாத்திரையாகவோ மருத்துவர் தருவார். காலம் தாழ்த்தினால் நரம்புச் சேதம் முழுமையாக மீளாமல் போகலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சைவ உணவின் நன்மைகளில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட சைவர் பி12ஐப் பரிசோதிக்காமல் இருப்பது சரியன்று.

கேள்வி: நாங்கள் கடற்கரைக்காரர்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி. ஆரோக்கியமான முதுமை வேண்டுமானால் சைவத்துக்கு மாற வேண்டுமா?
– ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: வேண்டியதில்லை. முதற் கேள்விக்கான பதிலில் குறிப்பிட்ட ஐந்து நாட்டுச் சோதனையில் மீனும் உணவின் ஒரு பகுதிதான். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி விஷயம் சற்று வேறு. சிவப்பு இறைச்சியில் உள்ள கார்னிட்டின் என்னும் பொருளைச் சில குடல் பாக்டீரியாக்கள் மாற்ற, அது கல்லீரலுக்குப் போய், இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு வேதிப்பொருளாக முடிகிறது. நெடுங்காலம் இறைச்சியைத் தொடாதவர்களுக்குக் கார்னிட்டின் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பொருள் மிகக் குறைவாகவே உண்டாயிற்று என்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். அன்றாட உணவே எந்த பாக்டீரியாக்கள் பெருக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அளவு குறையட்டும்.

உங்கள் கடிதத்தில் மீனும் கறியும் வந்தன, ஒரு காயின் பெயர்கூட வரவில்லை. நான் கவலைப்படுவது அதைப்பற்றித்தான். வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைத் தாவர உணவுகளை உண்பவர்களின் குடலில், பத்து அல்லது அதற்கும் குறைவாக உண்பவர்களைவிட பாக்டீரியா வகைகள் கூடுதலாக இருந்தன என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகளை ஆராய்ந்த அமெரிக்கக் குடல் ஆய்வுத் திட்டம் 2018இல் தெரிவித்தது. அவர்கள் தம்மைச் சைவர் என்று சொல்லிக்கொண்டார்களா என்பதைவிட இந்த எண்ணிக்கையே பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது. முப்பது என்றதும் மலைக்க வேண்டாம். மீன்குழம்பில் போடும் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளி, வெந்தயம், மல்லி, மிளகாய், கறிவேப்பிலை எல்லாமே கணக்கில் சேரும். கூடவே ஒரு கீரையும் ஒரு பொரியலும் நாள்தோறும் மாற்றி மாற்றி வைத்தால் வாரத்துக்குள் முப்பதைத் தாண்டிவிடலாம். கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்காமல் மென்று தின்பவர்களுக்கு மட்டுமே அது கணக்கு.

கேள்வி: ஃபில்டர் காபி குடல் பாக்டீரியாக்களைக் கொல்லுமா? மாதுளை தின்றால் முதுமை தள்ளிப்போகுமா?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: காபி கொல்லாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, காபி அருந்துபவர்களின் குடலில் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா பலமடங்கு மிகுந்திருப்பதைக் கண்டது. அதனால் நன்மையா என்பது தனிக் கேள்வி. தீமை ஒன்றும் காட்டப்படவில்லை. சர்க்கரையை மட்டும் கணக்குப் பார்த்துப் போடுங்கள்.

மாதுளையில் உள்ள எலாகிடானின் என்னும் பொருளைச் சில பாக்டீரியாக்கள் யூரோலித்தின் ஆக மாற்றுகின்றன; அது செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் பழுதுபட்டவற்றை அகற்ற உதவுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இல்லை. ஒரே மாதுளை ஒருவருக்கு யூரோலித்தினைத் தரும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தராது. ஆகவே ஒரே பழத்தை நம்பி இருக்க வேண்டாம். கொய்யாவும் நாவலும் வாங்கும் காலத்தில் அவற்றை வாங்குங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 71. சிறுநீரகம் பழுதடைந்திருப்பதாகச் சொல்லிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னார்கள். சென்ற இதழைப் படித்துவிட்டுக் கீரையும் பழமும் தினமும் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நான் பொதுவாக எழுதியது அவருக்குப் பொருந்தாது. பழுதடைந்த சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் திணறும்போது, கீரை, இளநீர், வாழைப்பழம், பயறு, காய்கறிச் சாறு ஆகியவை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.

அதற்காக அவர் வாழ்நாள் முழுவதும் வெறும் கஞ்சியோடு இருக்க வேண்டும் என்பதில்லை. நார்ச்சத்து குறைந்தால் குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து உண்டாக்கும் சில கழிவுகள் கூடுகின்றன. அவற்றை வெளியேற்றும் சுமையும் அதே சிறுநீரகத்தின் மேல்தான் விழுகிறது. ஆகவே எவ்வளவு, எந்தக் காய் என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, சிறுநீரக மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சுரைக்காய், வெள்ளரி, முட்டைக்கோஸ் போன்றவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வடித்த நீரை ரசத்தில் சேர்க்கும் சிக்கனம் மட்டும் உங்கள் வீட்டில் கூடாது. கடைகளில் ‘குறைந்த சோடிய உப்பு’ என்று விற்பதையும் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம்தான்.